மஸ்கட்டில் எப்சிக்குச் சோறூட்டியது

ஆஷ்லின் என் தம்பி மெர்வினின் மனைவி. சொந்த ஊர் விஸ்வநத்தம். அவள் அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடு வேன் ஓட்டினார். அம்மா அதே கம்பெனியில் பெட்டி ஒட்டினாள். அம்மா சாயங்காலம் வீடு வந்து சேருகிறவரைக்கும் கடைசித் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது ஆஷ்லின் பொறுப்பு. அப்போது அவளுக்கு எட்டு வயது. அந்தத் தம்பி இப்போது நிலை தட்டும் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறான். "இவன் உடம்புல பாதி எங் கைச்சோறு" என்று அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுவாள்.

பிறகு நர்ஸ் படித்தாள். மதுரையில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அதன் பிறகு மஸ்கட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளோடு வேலை பார்த்த மலையாளத்துப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னது இது. வார்டில் யாராவது சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஆஷ்லினைத்தான் கூப்பிடுவார்களாம். மூக்குக்குழாயைப் பிடுங்கிப் போட்ட கிழவர்கூட இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாலு வாய் கஞ்சி குடிப்பாராம். அவர் பேசுவது அரபி, இவள் பேசுவது நம்ம தமிழ். எப்படித்தான் நடக்குமோ, நடக்கும்.

மெர்வின் திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். கல்யாணம் முடிந்து நாற்பது நாள் இருந்துவிட்டு அவள் மஸ்கட் போனாள். அடுத்த வருஷம் பிரசவத்துக்கு வந்தாள். மார்ச் மாதம் பெண் பிறந்தது. ஹெப்சிபா என்று கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். வீட்டில் எப்சி. ஜூலையில் லீவு முடிந்தது. காண்ட்ராக்ட் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்ததால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

எங்களிடம் என்றால் என்னிடம். நான் அவர்களோடுதான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்குப் பிள்ளை இல்லை. காலண்டர் அட்டையில் தேதிக்கட்டு ஒட்டும் வேலை வீட்டுக்கே வரும். எப்சியைத் தூக்கிய நாளோடு அதை விட்டுவிட்டேன்.

போன புதிதில் ஆஷ்லின் பால் கட்டிக்கொண்டு மிகவும் கஷ்டப்பட்டாள். டூட்டி நடுவில் பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுவிட்டு வருவாளாம். இதை அவள் மெர்வினிடம் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

ஆறாவது மாதத்திலிருந்து எப்சிக்குச் சோறு ஆரம்பித்தோம். நமக்குப் பகல் பன்னிரண்டரை என்றால் மஸ்கட்டில் பதினொன்று. அது ஆஷ்லினுக்கு டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்தில் வீடியோ கால் போட்டுவிடுவாள். அங்கே எல்லா ஆப்பிலும் பேச முடியாதாம், எதையோ ஒன்றை மெர்வின் போனில் இறக்கி வைத்திருந்தான். நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துப் பருப்புச்சோறு ஊட்டுவேன். போனுக்குள்ளிருந்து ஆஷ்லின் வாயைப் பெரிதாகத் திறந்து "எப்சி, ஆ காட்டு" என்பாள். எப்சி திறப்பாள். ஒரு கிண்ணம் பத்து நிமிஷத்தில் காலியாகிவிடும். தாயும் பிள்ளையும் இப்படியாவது சேர்ந்து சாப்பிடுகிறார்களே என்று நான் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லாத நாள் இல்லை. அதில் ஒரு தவறு இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலண்டர் சீசன் டிசம்பரோடு முடிந்துவிடும். ஜனவரியில் பிரஸ்ஸில் வேலை குறைவு. மெர்வினுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள். ஆஷ்லின் எங்கள் மூவருக்கும் விசிட் விசா அனுப்பிவிட்டாள். அவளோடு தங்கியிருந்த பெண் ஊருக்குப் போயிருந்ததால் வீடு முழுவதும் எங்களுக்குத்தான், இருபத்தெட்டு நாள் லீவுக்கு வந்தமாதிரி இருந்துவிட்டுப் போகலாம், தானும் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். மதுரையைத் தாண்டினதில்லை. போகவா வேண்டாமா என்று யோசித்தேன். ஆனால் நான் போகாவிட்டால் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று மெர்வினே கேட்டான். அதனால் போனேன்.

மஸ்கட் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆஷ்லின் நின்றிருந்தாள். கதவு திறந்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். எப்சி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆஷ்லின் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது.

பத்து மாதப் பிள்ளை, புது இடம், தூக்கக் கலக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். ஆஷ்லின் சிரித்தாள். "பரவால்ல. வார்டுல அடிக்க வந்தவுகளையே சாப்பிட வச்சிருக்கேன். இவ எம்புட்டு ஆளு" என்றாள்.

அவள் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். பிள்ளையை உட்கார வைத்து வார் போட்டுக் கட்டுகிற உயர நாற்காலி, ரப்பர் மாதிரி வளைகிற ஸ்பூன், சோறு சிந்தினால் ஏந்திக்கொள்ள முன்னால் பை வைத்த மார்த்துணி. மறுநாள் பருப்பும் சோறும் வேகவைத்து, நெய் விட்டு, அவளே மசித்துக் கொண்டு வந்தாள். எப்சி அந்த நாற்காலியில் வில்லாக வளைந்தாள். ஸ்பூன் பக்கத்தில் வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். சரி, கையாலேயே ஊட்டிப் பார் என்றேன். கையாலும் பார்த்தாள். மடியில் வைத்துப் பார்த்தாள். பால்கனியில் புறா காட்டிப் பார்த்தாள். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. கடைசியில் அழுது அழுது பிள்ளைக்கு விக்கல் வந்துவிட்டது. "மதினி, நீங்க குடுங்க" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். நான் ஊட்டினேன். எட்டு வாய் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் மெர்வினுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு என் வாசம்தான் பழக்கம், அதனால் ஆஷ்லின் என் சேலையைக் கட்டிக்கொண்டு ஊட்டட்டும் என்றான். ஆஷ்லினும் கட்டிக்கொண்டாள். நான் முந்தின நாள் உடுத்திய பச்சை நூல் சேலை. எனக்கே என்னைப் பார்க்கிறமாதிரி இருந்தது. எப்சி அந்த முந்தானையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் முன்பைவிட அதிகமாக அழுதாள்.

"ஏமாத்துனது தெரிஞ்சுபோச்சு" என்றான் மெர்வின்.

"உங்க யோசனையப் பிரஸ்ஸோட வச்சுக்கோங்க" என்று ஆஷ்லின் சேலையை அவிழ்த்து மடித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மடித்த சேலையை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நாலாம் நாள் காலையில்தான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. சோபாவில் மெர்வினின் போன் கிடந்தது. எப்சி தவழ்ந்து போய் அதை எடுத்தாள். இருட்டாக இருந்த அந்தக் கண்ணாடியைத் தட்டித் தட்டி "ம்மா, ம்மா" என்றாள். ஆஷ்லின் அவளுக்கு இரண்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை மாதமும் நாங்கள் பிள்ளைக்குத் தாயைக் காட்டுகிறோம் என்று நினைத்து அந்தப் போனைத்தான் தாய் என்று பழக்கிவிட்டிருந்தோம். எப்சியின் அம்மா உள்ளங்கை அளவுதான் இருப்பாள். அவளுக்கு உடம்பு கிடையாது, கை கிடையாது. இங்கே கையும் காலுமாக நடமாடுகிற இந்த ஆள் யார் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆஷ்லின் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷத்தில் மெர்வினின் போன் அடித்தது. எடுத்தால் வீடியோவில் ஆஷ்லின். "மதினி, சோத்த எடுங்க. எப்சி, ஆ காட்டு" என்றாள். எப்சிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு கையையும் தட்டிக்கொண்டு ஒரு கிண்ணம் சோற்றையும் சாப்பிட்டாள். ஊரில் சாப்பிடுகிறமாதிரியே சாப்பிட்டாள். போனில் ஆஷ்லின் பேசிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் காலியானதும் டாட்டா சொல்லிப் போனை வைத்தாள். அதற்குப் பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. மெர்வின் எழுந்து உள்ளே போனான். நான் பிள்ளைக்கு வாய் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

ஆனால் ஆஷ்லின் அழுதுகொண்டே உட்கார்கிற ஆள் இல்லை. மத்தியானமே ஒரு திட்டத்தோடு வந்தாள். குழாய் வழியாகச் சாப்பிட்டுப் பழகியவர்களை ஒரே நாளில் வாய்வழிச் சாப்பாட்டுக்கு மாற்ற மாட்டார்களாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுவார்களாம். அதுமாதிரி இதையும் செய்வோம், ஒரு நாளைக்கு ஒரு அடி என்றாள்.

முதல் நாள் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து பேசினாள். அடுத்த நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். அதற்கு அடுத்த நாள் நிலைப்படியில் உட்கார்ந்து பேசினாள். அன்றைக்கு இரண்டு போனும் கிட்டே வந்ததில் கீச் என்று ஒரு சத்தம் எழும்பி எப்சி பயந்து போனாள், சாப்பாடு பாதியில் நின்றது. மறுநாள் ஆஷ்லின் போனில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் வைத்தாள். முகம் போனில் இருந்தது, குரல் நிலைப்படியிலிருந்து வந்தது. எப்சி போனைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி நிலைப்படியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். ஆஷ்லின் கையை ஆட்டினாள். போனிலும் கை ஆடியது. எப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு விளையாட்டு. போனைப் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதும் சிரிப்பதும்தான்.

பத்து நாள் லீவு முடிகிறபோது போன் தேவையில்லாமல் போயிற்று. எப்சி ஆஷ்லினிடம் தானே தவழ்ந்து போனாள். அவள் தோளில் ஏறினாள், மூக்கைப் பிடித்தாள், "ம்மா" என்று முகத்தைப் பார்த்தே கூப்பிட்டாள். குளிக்க வைப்பதும் தூங்க வைப்பதும் ஆஷ்லின் கைக்கு மாறிவிட்டது. சாப்பாடு மட்டும் மாறவில்லை. அம்மா எதிரே இருந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும், சோறு என் கையிலிருந்து வர வேண்டும். ஆஷ்லின் கை பக்கத்தில் வந்தால் உதட்டை மூடிக்கொள்வாள்.

லீவு முடிந்து ஆஷ்லின் டூட்டிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு ஒரு பாட்டியம்மா மூன்று நாளைக்குப் பிறகு கஞ்சி குடித்தது, தன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டு நான் எப்சிக்குப் பழம் மசித்துக் கொடுப்பதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு விரலில் பழத்தை எடுத்து நீட்டினாள்.

நடந்ததை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். அன்றைக்கு எப்சி அவள் விரலைப் பார்த்துக் கொஞ்சம்போல வாயைத் திறந்தாள். நான் கண்ணால் பார்த்தேன். திறந்துவிட்டு, சரிதானா என்று கேட்கிறமாதிரி என் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் என் கை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு விரல் பழத்தை எடுத்துத் தானாகவே நீண்டது. எப்சி என் விரலை வாங்கிக்கொண்டாள்.

ஆஷ்லின் தன் விரலில் இருந்ததைத் தானே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவள் பின்னால் போய் நின்றேன்.

"மதினி, நீங்க இல்லேன்னா எம் பிள்ள இந்நேரம் என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள், திரும்பாமலே. "நான் ஒண்ணும் நெனைக்கல. நீங்களும் ஒண்ணும் நெனைக்காதீக."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு ஜெபம் பண்ண முழங்கால் போட்டேன். பிள்ளை பட்டினி கிடக்குமே என்றுதான் ஆண்டவரே நான் கையை நீட்டினேன் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஏனென்றால் அது உண்மையில்லை. பிள்ளைக்குப் பசி அப்போது பெரிதாக இல்லை. பசி எனக்குத்தான் இருந்தது. ஆறு மாதமாக ஒரு வாய் என்னைப் பார்த்துத் திறந்தது. அது இனி வேறு பக்கம் பார்த்துத் திறக்கும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த அந்த ஆசையைச் சொல்லிவிட்டு, இனி நான் செய்ய வேண்டியதை மட்டும் காட்டும் என்று கேட்டேன். எழுந்திருக்கும்போது மனது கொஞ்சம் தெளிந்திருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை ஆஷ்லினுக்கு டூட்டி இல்லை. காலையில் கேப்பைக்கூழ் மட்டும் நான் கொடுத்தேன். பிறகு மெர்வினிடம், மஸ்கட் வந்து பதினெட்டு நாளாகிறது, கடலைப் பார்க்கவில்லை, என்னைக் கூட்டிப்போ என்றேன். எல்லாரும் போவோம் என்று அவன் பிள்ளைக்குச் சட்டையை எடுத்தான். வேண்டாம், நீயும் நானும்தான் என்றேன். பருப்பு ஊறவைத்திருக்கிறேன் என்று ஆஷ்லினிடம் சொன்னேன். எவ்வளவு குழைய வேண்டும், உப்பு எவ்வளவு என்பதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வருவீக?"

"நாலு மணி ஆகும்."

"மதினி, அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடலேன்னா?"

"அழும்" என்றேன். "நீ பாத்துக்கோ."

டாக்ஸியில் மத்ராவுக்குப் போனோம். மலை பின்னால் நிற்கிறது, கடல் முன்னால் கிடக்கிறது, நடுவில் நடப்பதற்கு வழவழவென்று பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெள்ளைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பதினொரு மணி ஆனதும் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மெர்வினும் அப்படித்தான். நாலு தடவை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். ஒரு கடையில் டீ வாங்கி வந்து கல் மேடையில் உட்கார்ந்தோம்.

"யக்கா, ஒரு கால் பண்ணிப் பாப்போமா? சாப்பிட்டாளான்னு மட்டும்."

"வேண்டாம்லே."

"அவ தனியாக் கெடந்து தவிப்பா."

"நாம பண்ணுனா அவ நம்மகிட்டப் பேசணும். எப்சி போனப் பாப்பா, உன் பின்னால என்னையப் பாப்பா. அதோட அவ்வளவும் போச்சு. உள்ள வையி."

அவன் வைத்துவிட்டான். டீ ஆறிப்போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நான் மனதுக்குள் ஜெபம் பண்ணினேன். பிள்ளை சாப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆஷ்லின் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று கேட்டேன். போன் அடிக்கவில்லை. ஒரு மணிக்கும் அடிக்கவில்லை. இரண்டு மணிக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் குழம்பும் வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டோம். மெர்வின் எழுந்து நடப்பான், வந்து உட்காருவான். எங்களைப் பார்த்தவர்கள் கடல் பார்க்க வந்தவர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாலு மணிக்குப் படியேறினோம். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. ஆஷ்லின்தான் கதவைத் திறந்தாள். தலை கலைந்திருந்தது. நைட்டியில் மார்பிலிருந்து முழங்கால்வரை பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது. இடுப்பில் எப்சி இருந்தாள், அவள் புருவத்தில்கூட ஒரு பருக்கை. அந்த உயர நாற்காலி மூலையில் திரும்பி நின்றது. சமையலறைத் தரையில் ஒரு துணி விரித்து, அதன்மேல் கிண்ணமும் தண்ணீரும் அப்படியே கிடந்தன.

"ஒன்றரை மணிவரைக்கும் ரெண்டு பேரும் அழுதோம்" என்றாள். "பொறகு எனக்குப் பசி தாங்கல. அவ கிண்ணத்துலேர்ந்தே எடுத்து நான் சாப்பிட்டேன். பாத்துக்கிட்டே இருந்தா. கிட்ட வந்து என் வாய்க்குள்ள வெரல விட்டா. பொறகு வாயத் தெறந்தா, மதினி. தானாத் தெறந்தா."

"சாப்பிட்டாளா?"

"பாதிதான்."

"பாதி போதும்" என்றேன்.

மெர்வின் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். எப்சி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். என்னிடம் வரக் கையை நீட்டினாள், உடம்பையும் சாய்த்தாள். ஆஷ்லின் கொடுக்கத்தான் வந்தாள். நான் கடற்காற்றில் பிசுபிசுத்துப்போன கையைக் காட்டி, "கை கழுவிட்டு வாரேன்" என்று சொல்லி உள்ளே போனேன். சோப்புப் போட்டு, இரண்டு தடவை, நிதானமாகக் கழுவினேன். கூடத்திலிருந்து தாயும் பிள்ளையும் பேசிக்கொள்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.